ஆடும் கைப்பிடி

முதலில் டம்ளர் விழுந்ததைச் சொல்லிவிட வேண்டும். போன வாரம் ராத்திரிச் சாப்பாட்டின்போது பஸ் டிரைவரின் இடது கையிலிருந்து தண்ணீர் டம்ளர் நழுவி, மேசைக்கடியில் உருண்டுபோய் நின்றது.

யார் கையிலிருந்தும் டம்ளர் விழலாம். இந்த வீட்டில் மட்டும் விழக்கூடாது. டிரைவரின் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததற்கு முதல் நாள் இப்படித்தான் ஒரு டம்ளர் கைநழுவி விழுந்தது. அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் அவர் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

அதனால் போன வாரம் யாரும் சிரிக்கவில்லை. டிரைவர் குனிந்து டம்ளரை எடுத்தார். "கை ஈரம்" என்றார். அவருடைய மனைவியும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மனைவிக்கு இந்த வீட்டில் அண்ணி என்றுதான் பெயர். நாத்தனார் கூப்பிட்டதைத் தெருவும் பிடித்துக்கொண்டு, இப்போது அவள் வேலை பார்க்கும் ஆடைத் தொழிற்சாலையிலும் அதுவே நிலைத்துவிட்டது. அங்கே கட்டிங் பிரிவில், கனமாக அடுக்கிய துணியை மின்சாரக் கத்தியால் வெட்டுகிறவள் அவள். கத்திக்குப் பயந்ததில்லை. ஒரு டம்ளருக்குப் பயந்துபோனாள்.

இன்று காலை பயம் இரண்டு மடங்காகிவிட்டது.

கண்ணாடி முன்னால் நின்று டிரைவர் சட்டையின் இரண்டாவது பட்டனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பட்டன் விரலுக்குள் வருகிறது, ஓட்டைக்குப் பக்கத்தில் போகிறது, நழுவிவிடுகிறது.

"என்னங்க, போட வரலையா?"

"ஓட்டை சின்னதா இருக்கு."

"அது நான் தைச்ச சட்டை. ஓட்டையெல்லாம் சரியாத்தான் இருக்கு."

அவளே வந்து போட்டுவிட்டாள். போடும்போது அவருடைய இடது கையைத் தொட்டுப் பார்த்தாள். விரல்கள் ஜில்லென்று இருந்தன. கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதருக்கு அவள் பட்டன் போட்டுவிட்டதில்லை. வேறு ஒரு நாளாக இருந்திருந்தால் அதில் ஒரு சந்தோஷம்கூட இருந்திருக்கும்.

"இன்னைக்கு ஆஸ்பத்திரி" என்றாள்.

"இன்னைக்கு மரம்" என்றார் அவர்.

மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்று வாரத்துக்கு முன் அடித்த புயலில் பின்பக்கத்துப் பெரிய மரம் வேரோடு சாய்ந்து, பின்னறையின் வாசலை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. எதிர்வீட்டு மீசைக்காரரிடம் ஒரு பழைய பெட்ரோல் செயின்சாவை இரவல் வாங்கி, டிரைவர் நாலு நாள் சாயங்காலம் கிளைகளை அறுத்தார். ஐந்தாம் நாள் அந்த மெஷின் இருமி, புகைவிட்டு, உயிரை விட்டது. அடிமரம் அப்படியே கிடக்கிறது. புது மெஷின் வாங்கி அதை அறுத்து முடித்தால்தான் மற்றதெல்லாம் என்று பிடிவாதம் பிடிக்கிறார் டிரைவர்.

மரம் வெறும் சாக்கு. அது அண்ணிக்கும் தெரியும். ஆஸ்பத்திரியில் பக்கவாதம் என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டால், டிப்போவில் அவரைப் பஸ்ஸை விட்டு இறக்கிவிடுவார்கள். இருபது வருஷமாக அந்த இருக்கையில்தான் அவர் மனுஷராக இருக்கிறார். இறக்கிவிட்டால் என்ன ஆவார் என்று நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகாமல் விட்டால் ஆளே இருக்கமாட்டாரோ என்றும் பயமாக இருந்தது.

வழி கண்டுபிடித்தவள் நாத்தனார். நாற்பது வயதாகியும் வீட்டில் அவள் குட்டிதான். நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று இரண்டு பெரிய பெட்டியோடு வந்தவள், மாதம் ஒன்று ஆகியும் பெட்டியையும் பிரிக்கவில்லை, ஊருக்கும் திரும்பவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவளுடைய ஃபோன் அடிக்கும்போதெல்லாம் அதைக் குப்புறக் கவிழ்த்து வைக்கிறாள் என்பதை மட்டும் எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

"அண்ணா, ஒரு ஒப்பந்தம்" என்றாள் குட்டி. "நீ என்கூட ஆஸ்பத்திரிக்கு வா. அதே நேரத்துல அண்ணி கடைக்குப் போய் மெஷின் வாங்கட்டும். சாயங்காலம் வரும்போது மெஷின் வாசல்ல இருக்கும்."

"நான் இல்லாம எப்படி வாங்குவா?"

"கத்தி பிடிக்கிறவங்க நீங்களா, நானா?" என்றாள் அண்ணி.

டிரைவர் யோசித்தார். "ஏமாத்தினா பாதியிலேயே எழுந்து வந்துடுவேன். கடையிலேர்ந்து ஃபோட்டோ அனுப்பணும்."

"நீங்க ஆஸ்பத்திரியிலேர்ந்து ஃபோட்டோ அனுப்பணும்."

"சரி. பெரிசா வாங்கு. இருபது இஞ்ச் பிளேடு. பொம்மை மாதிரி எதையாவது தூக்கிட்டு வந்து நிக்காதே." வாசற்படி வரை போனவர் திரும்பினார். "இன்னொண்ணு. வாங்கறதுக்கு முன்னாடி கைப்பிடியைப் பிடிச்சு ஆட்டிப் பாரு. ஆடினா வாங்காதே."

இதைச் சொல்லாமல் அவர் போயிருந்தால்தான் ஆச்சரியம். ஆடுகிற எதையும் இந்த மனிதரால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. வீட்டில் உள்ள ஒவ்வொரு மேசைக்கும் நாற்காலிக்கும் காலடியில் மடித்த அட்டை உண்டு. பஸ்ஸில் கடகடக்கிற ஜன்னல்களுக்கெல்லாம் ரப்பர் துண்டு செருகியிருக்கிறார். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, ஒரு ஸ்குரூடிரைவர் இருக்கும். விருந்துக்குப் போன வீட்டில்கூட கதவுத் தாழ்ப்பாளை முறுக்கிவிட்டு வந்தவர். அண்ணியும் அவரோடு வாழ்ந்து வாழ்ந்து அப்படியே ஆகிவிட்டாள்.

கடை பெரிய சாலையில், டயர் கடைக்கும் பெயிண்ட் கடைக்கும் நடுவில் இருந்தது. உள்ளே பெட்ரோலும் புது ரப்பரும் கலந்த வாசனை. புல் வெட்டும் மெஷின்கள் தரையில் வரிசையாக நின்றன. செயின்சாக்கள் சுவரில் மாட்டியிருந்தன.

கடைக்காரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக்கொண்டு, அதையே மேசை முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார்.

"தலையில இருக்குங்க" என்றாள் அண்ணி.

"அட! வாங்கம்மா. யாருக்கு, வீட்டுக்காரருக்கா? இதோ இருக்கு பாருங்க ராஜா மாதிரி." வந்ததும் வராததுமாகப் பெரிய மெஷினைத்தான் எடுத்து மேசைமேல் வைத்தார். இருபது இஞ்ச். இன்ஜின் அறுபது சிசி.

அண்ணி அதைத் தூக்கிப் பார்த்தாள். தூக்க முடிந்தது. ஆனால் கொஞ்ச நேரம் நீட்டிப் பிடித்தபோது முழங்கை கெஞ்ச ஆரம்பித்தது. கை தளர்கிற இடத்தில்தான் கத்தி திரும்பும் என்பது கட்டிங் மேசையில் அவள் தினமும் பார்க்கிற விஷயம்.

இருந்தாலும் புருஷன் சொல்லி அனுப்பியதை மறக்கவில்லை. முன்கைப்பிடியைப் பிடித்து ஆட்டினாள்.

ஆடியது.

"இது வேணாங்க. லூசா இருக்கு."

கடைக்காரம்மா அடுத்ததைக் கொடுத்தார். பன்னிரண்டு இஞ்ச், சின்னது. "இது செடி கொடி, சின்னக் கிளைக்கெல்லாம் போதும். அடிமரம்னா திணறும். உங்க மரம் எவ்வளவு கனம்?"

"இருபத்திரண்டு இஞ்ச். டேப் வெச்சு அளந்தேன்."

"அப்ப இதை விடுங்க. நடுத்தரம் பாருங்க. பதினாறு இஞ்ச் பிளேடு, நாற்பத்தஞ்சு சிசி. அந்தப் பக்கம் பாதி, இந்தப் பக்கம் பாதின்னு அறுத்தா உங்க மரம் தாராளமா அடங்கும். வீட்டுல வெச்சுக்கறவங்களுக்கு இதுக்கு மேல எதுக்கு? மரம் வெட்டறதையே பொழப்பா வெச்சிருக்கறவங்களுக்குத்தான் பெரிசு."

கொஞ்ச நேரத்துக்கு முன் ராஜா என்று தூக்கி வைத்தவர் இப்படிக் கட்சி மாறியதை அண்ணி கவனித்தாள். ஆனாலும் கையில் வாங்கியதும் பிடித்துப்போயிற்று. கனம் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை, இரண்டு கைக்கும் நடுவில் உட்கார்ந்தது. ஃபோட்டோ எடுத்து அனுப்பினாள்.

பதிலுக்கு ஒரு ஃபோட்டோ வந்தது. ஆஸ்பத்திரியின் வெளிறிய நீல அங்கியில், முதுகுப்பக்கம் நாடா கட்டத் தெரியாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, டிரைவர் கேமராவை முறைத்துக்கொண்டிருந்தார். கீழே குட்டி எழுதியிருந்தாள்: "ஸ்கேன் எடுத்தாச்சு. ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கோம். மெஷின் சின்னதா இருக்கேன்னு அண்ணன் திட்டுது."

அந்த அங்கியை அண்ணி விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். முழுக்கைச் சட்டை போடாமல் வீட்டு வாசலைக்கூடத் தாண்டாத மனுஷர்.

ஆஸ்பத்திரியில், நடைபாதையோரம் போட்டிருந்த இரும்பு நாற்காலியில் அண்ணனும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலி வரிசையில் ஒன்று ஆடியது. டிரைவர் இரண்டு தடவை இடம் மாறி உட்கார்ந்தார்.

டாக்டர் காலையிலேயே எல்லாம் கேட்டுவிட்டார். தலைச்சுற்றல் உண்டா, பேச்சுக் குழறியதா, அப்பாவுக்கு என்ன வயதில் வந்தது. கைக்கு ஏதாவது கடுமையான வேலை உண்டா என்றும் கேட்டார். "பஸ் ஓட்டுறேன்" என்றார் டிரைவர். டாக்டர் எழுதிக்கொண்டார்.

"குட்டி."

"ம்."

"எனக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா..."

"ஒண்ணும் ஆகாது. வாயை மூடு."

"இல்ல, கேக்கறேன். நீ ஏன் இன்னும் வீட்டுக்குப் போகல? மாப்பிள்ளை ஃபோன் பண்ணா ஏன் எடுக்க மாட்டேங்கற?"

குட்டி மடியில் கவிழ்த்து வைத்திருந்த ஃபோனைப் பார்த்தாள். "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைன்னு வரட்டும். சொல்றேன்."

"இப்ப சொல்லேன்."

"இப்ப சொன்னா உனக்கு பிபி ஏறும். அப்புறம் டாக்டர் என்னைத் திட்டுவாரு."

சிரிக்க வேண்டும் என்றுதான் அப்படிச் சொன்னாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

கடையில் அண்ணி நடுத்தர மெஷினையும் ஆட்டிப் பார்த்தாள். வேறென்ன, அதுவும் ஆடியது.

"ஏங்க, உங்க கடையில ஆடாததே கிடையாதா?"

கடைக்காரம்மா மூக்குக் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார். "ஆடணும்மா. அதுக்குத்தானே நடுவுல ஸ்பிரிங் வெச்சிருக்கான். இன்ஜின் தனியா, கைப்பிடி தனியா. இன்ஜின் என்ன குதி குதிச்சாலும் அந்த அதிர்ச்சி உங்க கைக்கு வரக் கூடாதுல்ல? வாங்க, ஓட்டியே காட்டறேன்."

கடைக்குப் பின்னால் ஒரு சின்ன முற்றம். சோதனைக்காக ஒரு கட்டையைத் தாங்கிமேல் போட்டிருந்தார்கள். அண்ணிக்கு வலை வைத்த ஹெல்மெட்டும், காலுக்குத் தடித்த உறையும், கையுறையும் மாட்டிவிட்டு, கடைக்காரம்மா செயின் பிரேக்கை முன்னே தள்ளிக் காட்டினார். "பிளேடு நுனி எதுலயாவது பட்டா, மெஷின் உங்க மூஞ்சிக்குத் துள்ளும். அப்ப இது படக்குன்னு செயினை நிறுத்திடும். பிரேக் சரியா வேலை செய்யாத மெஷினை ஓசியில கொடுத்தாலும் வாங்காதீங்க."

கயிற்றை இழுத்தார். மூன்றாவது இழுப்பில் உறுமியது.

அண்ணி கட்டையின்மேல் வைத்தாள். மரத்தூள் பறந்தது. இன்ஜின் உடம்பு நடுங்குவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. கைக்கு ஏதோ பூனை உறுமுகிற அளவில்தான் வந்தது. ஒரு துண்டு அறுந்து விழுந்தது. அணைத்தாள்.

அணைத்த பிறகும் அப்படியே நின்றாள். கைப்பிடியும் இன்ஜினும் சேருகிற இடத்தில் ஒரு விரல்கூட நுழையாத அந்தச் சின்ன இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மீசைக்காரரின் மெஷினிலும் அந்த இடைவெளி இருந்தது. முதல் நாள் சாயங்காலமே டிரைவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். "பாரு, எவ்வளவு லூசா விட்டிருக்காரு மனுஷன்" என்று சலித்துக்கொண்டு, இரண்டு இரும்புப் பட்டையைக் குறுக்கே கொடுத்து, போல்ட் போட்டு, கைப்பிடியையும் இன்ஜினையும் ஒன்றாக இறுக்கினார். டார்ச் பிடித்துக்கொண்டு நின்றவள் அண்ணி. "இப்ப ஆடவே இல்ல பாரு" என்றார் அவர். "அப்பாடா" என்றாள் இவள்.

"ஏங்க," அண்ணியின் குரல் கீழே போயிருந்தது, "இந்தக் கைப்பிடியை ஆடாம யாராவது போல்ட் போட்டு இறுக்கிட்டா என்ன ஆகும்?"

கடைக்காரம்மா சிரித்தார். "யாரும்மா அப்படிப் பண்ணுவாங்க?"

"பண்ணிட்டா?"

"கை மரத்துப் போகும். எங்க வீட்டுக்காரர் அந்தக் காலத்துல ஸ்பிரிங்கே இல்லாத மெஷினை வெச்சு மரம் வெட்டினவரு. சீசன் வந்தா சாயங்காலம் அவரால சட்டை பட்டன்கூடப் போட முடியாது. நான்தான் போட்டு விடுவேன். விரலெல்லாம் ஐஸ் மாதிரி..."

அண்ணி கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துவிட்டு ஃபோனை எடுத்தாள்.

"குட்டி, டாக்டர் எங்க?"

"உள்ள இருக்காரு. ரிசல்ட் இன்னும் வரல. என்ன அண்ணி, மூச்சு வாங்கறீங்க?"

"உங்கண்ணன் நாலு நாள் மெஷின்ல மரம் அறுத்தாரே, டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"அது எதுக்கு?"

"சொன்னீங்களா இல்லையா?"

"இல்ல. கைக்கு வேலை உண்டான்னு கேட்டாரு. அண்ணன் பஸ்னு சொல்லிச்சு."

"ஓடு. போய்ச் சொல்லு. இரும்புப் பட்டை போட்டு கைப்பிடியை இறுக்கினாரு, அதையும் சொல்லு. கைக்கு ஸ்பிரிங்கே இல்லாம நாலு நாள் அதிர்ந்திருக்குன்னு சொல்லு. இப்பவே போ."

குட்டி ஓடினாள். ஓடியதில் ஒரு செருப்பு நடைபாதையிலேயே நின்றுவிட்டது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு டிரைவர் பின்னாலேயே போனார்.

டாக்டர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு டிரைவரின் இடது கையை மேசைமேல் வைத்து, ஒரு மெல்லிய குச்சியால் விரல் விரலாகத் தொட்டார்.

"கட்டைவிரல்?"

"மரத்த மாதிரி இருக்கு."

"இது? இது?"

"அதுவும்தான்."

"சுண்டுவிரல்?"

டிரைவர் கொஞ்சம் யோசித்தார். "இது நல்லாத் தெரியுது, டாக்டர்."

டாக்டர் முகத்தில் ஏதோ ஒன்று இளகியது. மணிக்கட்டின் உள்பக்கத்தைத் தட்டினார். "ஆ! கரண்ட் அடிக்குது" என்று டிரைவர் கையை இழுத்துக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் ஸ்கேன் முடிவும் வந்தது. டாக்டர் கணினித் திரையைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டு பார்த்தார். குட்டி டாக்டரின் முகத்தையே பார்த்தாள். டிரைவர் தரையைப் பார்த்தார்.

"மூளையில ஒரு குறையும் இல்ல. இது பக்கவாதம் இல்லைங்க. மணிக்கட்டுல கட்டைவிரல் பக்கத்துக்குப் போற நரம்பு வீங்கி அழுந்திப் போயிருக்கு, அதான் சுண்டுவிரல் மட்டும் தப்பிச்சிருக்கு. அந்த மெஷினோட அதிர்வுதான் காரணம்னு தோணுது. உறுதிப்படுத்த ஒரு நரம்புப் பரிசோதனை பண்ணிக்கலாம். இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க வேலை என்னன்னு கேட்டீங்க, டாக்டர். அது வேலை இல்லையே. வீட்டுக் காரியம்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். இப்படி எத்தனை பேரைப் பார்த்திருப்பாரோ.

"பஸ்?" என்று கேட்டார் டிரைவர்.

"மூணு வாரம் கைக்கு ஓய்வு. மணிக்கட்டுக்குப் பட்டை தர்றேன், கழட்டாம போட்டுக்கங்க. அப்புறம் வாங்க. நான் நினைக்கிற மாதிரி சரியாகிட்டா, தாராளமா ஓட்டலாம். ஆனா அந்த மெஷினை மட்டும் தொடாதீங்க. புதுசா இருந்தாலும் சரி."

டிரைவர் தலையை ஆட்டினார். எழுந்து வெளியே வந்தார். நடைபாதைச் சுவரில் சாய்ந்துகொண்டு, கையில் இருந்த செருப்பைத் தங்கையிடம் நீட்டினார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அழ ஆரம்பித்தார்கள். போகிற வருகிறவர்கள் என்னவோ ஏதோ என்று ஒதுங்கிப் போனார்கள்.

கடையில் அண்ணிக்கு உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. செயின் டப்பாக்கள் அடுக்கியிருந்த அலமாரி ஓரமாகப் போய் நின்றாள், வந்தாள். கடைக்காரம்மா விஷயத்தை அரைகுறையாகப் புரிந்துகொண்டு, வியாபாரப் பேச்சை நிறுத்திவிட்டார். அது அவருக்குச் சுலபமான காரியமில்லை.

ஃபோன் அடித்தது.

"ஏம்மா, நான்தான்."

"சொல்லுங்க."

"ஸ்கேன்ல ஒண்ணும் இல்லையாம். நரம்பு வீக்கமாம். பட்டை போட்டா சரியாகிடுமாம்."

"பஸ்?"

"ஓட்டலாமாம். மூணு வாரம் கழிச்சு."

அண்ணி பக்கத்தில் இருந்த டப்பாமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வயிற்றில் பால் வார்த்தது போல என்பார்களே, அது எப்படியிருக்கும் என்று இன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். டம்ளர் விழுந்த நாளிலிருந்து ராத்திரி முழுக்க அவர் மூச்சை எண்ணிக்கொண்டு படுத்திருந்தவள். கடைக்காரம்மா ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

"அழறியா?" என்றது ஃபோன்.

"இல்ல. மரத்தூள்."

"சரி. மெஷின் வாங்கிட்டியா? ஆட்டிப் பார்த்தியா?"

அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "பார்த்தேன். நல்லா ஆடுது. அதான் வாங்கப்போறேன்."

"அப்ப அந்த இரும்புப் பட்டைதான்..."

"அதேதான். நானும்தானே டார்ச் பிடிச்சேன். வீட்டுக்கு வாங்க, பேசிக்கலாம்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கடைக்காரம்மா நடுத்தர மெஷினைத் துடைத்து வைத்திருந்தார். "வீட்டுக்காரர் கைக்கு இது சரியா இருக்குமா, ஒரு தடவை கேட்டுக்கறீங்களா?"

"அவர் தொடப்போறதில்லைங்க. எனக்குத்தான் வாங்கறேன். என் கைக்குச் சரியா இருக்கு."

ஹெல்மெட்டும் கால் உறையும்கூட அவளுடைய அளவுக்கே எடுத்துக்கொண்டாள். பெட்ரோலில் எந்த அளவு ஆயில் கலக்க வேண்டும், செயினுக்கு ஊற்றும் ஆயில் எது என்பதையெல்லாம் இரண்டு தடவை திருப்பிச் சொல்லிக் காட்டினாள்.

சாயங்காலம். பின்பக்கத்தில் நல்ல வெளிச்சம் இருந்தது. டிரைவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், இடது மணிக்கட்டில் பட்டையோடு. நாற்காலிக் காலடியில் வழக்கம்போல மடித்த அட்டை.

அண்ணி மெஷினை வெளியே எடுத்தாள்.

டிரைவர் எட்டிப் பார்த்தார். "பரவால்ல, ரொம்பச் சின்னதா இல்ல." இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, அந்தக் கைப்பிடி பாரு, லேசா ஆடுது..." அவருடைய வலது கை தானாகவே சட்டைப் பையிலிருந்த ஸ்குரூடிரைவரை நோக்கிப் போனது.

"தொடாதீங்க!" "தொடாதே அண்ணா!"

இரண்டு பெண்களும் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு மீசைக்காரர் ஜன்னலைத் திறந்து பார்த்தார். டிரைவர் கையை எடுத்துக்கொண்டு சிரித்தார். டம்ளர் விழுந்ததற்குப் பிறகு அவர் சிரிப்பது இதுதான் முதல் தடவை. பிறகு ஸ்குரூடிரைவரை எடுத்து மனைவியிடம் நீட்டினார். "நீயே வெச்சுக்கோ. என்கிட்ட இருந்தா கை சும்மா இருக்காது."

அண்ணி ஹெல்மெட்டை மாட்டினாள். இழுத்தாள். உறுமியது. அடிமரத்தின் மெல்லிய முனையில் ஒரு துண்டு, அதற்கடுத்து இன்னொரு துண்டு. நிதானமாக, கட்டிங் மேசையில் நிற்பது போலக் காலை அகட்டி நின்று அறுத்தாள்.

மூன்றாவது துண்டு விழுந்ததும் குட்டி கையைக் காட்டினாள். அண்ணி மெஷினை அணைத்தாள்.

"அண்ணி, முதல்ல அந்தப் பின்னறை வாசல்ல கிடக்கறதை அறுங்களேன்."

"ஏன், அதுக்கென்ன அவசரம்?"

"எனக்கு அந்த ரூம் வேணும்."

"எத்தனை நாளைக்கு?"

குட்டியின் கையிலிருந்த ஃபோன் அடித்தது, மாப்பிள்ளைதான். வழக்கம்போல அதைக் கவிழ்க்கப் போனவள், கவிழ்க்காமல், அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஸ்கேன் நல்லபடியா வந்தா சொல்றேன்னு சொன்னே" என்றார் டிரைவர்.

"சொன்னேன்."

டிரைவர் எழுந்தார். தாம் உட்கார்ந்திருந்த நாற்காலியை வலது கையால் தங்கையின் பக்கம் இழுத்துப் போட்டார். இழுத்ததில் அட்டை பின்னாலேயே தங்கிவிட்டது. அவர் அதைப் பார்த்தார். குனிந்து எடுக்கவில்லை.

"உட்காரு. கொஞ்சம் ஆடும். ஆடட்டும். நீ சொல்லு."

குட்டி உட்கார்ந்தாள். அண்ணி ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, அறுத்துப் போட்ட கட்டைமேல் அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள்.